நான் சிரித்ததும் அம்மாளாச்சி சிரித்ததும்

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு என் கணவரின் கடிதங்கள் நின்றுபோயின. அவர் கோலாலம்பூரில் றெயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்தார். நான் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்தில் என் ஊரான புத்தூருக்கு வந்திருந்தேன். மகள் பிறந்து கொஞ்சம் தேறியதும் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கப்பல் ஏறுவதாக இருந்தது. அதற்குள் கப்பலே இல்லாமல் போயிற்று. அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மட்டும் ஊர் முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

அவர்களில் முதல் ஆள் என் மாமி, கணவரின் தாய். தன் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு, "நீ தனிய இருக்கக் கூடாது பிள்ளை" என்று வந்து சேர்ந்தார். அவருக்கு அந்த ஒரே மகன்தான். கணவரை நேரத்தோடு இழந்து, தோட்டத்தில் தானே தண்ணீர் கட்டி, மகனைப் படிப்பித்துக் கப்பல் ஏற்றியவர். அவர்மீது எனக்கு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் மனிசி என்னைப் படாத பாடு படுத்தினார்.

வெள்ளிக்கிழமை விரதம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதோடு திங்கட்கிழமையைச் சேர்த்தார். பிறகு செவ்வாயையும் சேர்த்தார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காய்ந்த வயிற்றோடு நின்று ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துவிட்டு, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தால் கண் இருட்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மாமி, அவர் அங்கை பட்டினி கிடக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியாது. இஞ்சை நான் கிடக்கிறன்."

"நீ கிடந்தால் அவன் கிடக்க மாட்டான்" என்றார் மாமி.

அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மாமியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வளவுக்காரி தன்பாட்டில் நூல் மந்திரித்து வந்து என் கையில் கட்டினாள். சாத்திரம் பார்க்கிறவர் ஒருவர், ஆள் தண்ணீருக்கு அப்பால் இருக்கிறார் என்று கண்டுபிடித்தார். மலாயா தண்ணீருக்கு அப்பால்தான் இருக்கிறது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் படிப்பிக்கிறவள். மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவருகிற மனிசி வேதக்காரி. அவர் ஒருநாள் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "பிள்ளை, துலைஞ்சதைத் தேடித் தாற புனிதர் ஒருத்தர் எங்கடை கோயிலிலை இருக்கிறார். உங்கடை அவர் வந்தால் நீங்கள் உங்கடை உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவீங்கள் எண்டு நேந்திட்டன்" என்றார்.

"என்னட்டைக் கேக்காமல் ஏன் நேந்தனீங்கள்?"

"கேட்டால் நீங்கள் ஓமெண்டு சொல்ல மாட்டியள். முகத்தைப் பாக்கத் தெரியுது."

மாமி அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மாமி கடகத்திலிருந்து நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, "அதுவும் கிடக்கட்டும்" என்று சொன்னார். மறுநாள் விரதத்துக்கு முதல் நாளே மீன் ஆகாது என்று, அந்த மீனும் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவரும் என்னைக் கேட்டதும் இல்லை. சின்ன வயதில் என் ஐயா விளக்கு வைத்துத் தேவாரம் படிப்பார். நானும் பக்கத்தில் இருந்து படிப்பேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று நினைப்பதைப் போலத்தான் கடவுள் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். எட்டிப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது ஊரே சேர்ந்து என் தலையைப் பிடித்து அமுக்கி, பார், பார் என்றது. அப்படிப் பார்க்கச் சொன்னபோதுதான் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் யாழ்ப்பாணம் பட்டணத்துப் படக்கொட்டகைக்கு ஒரு பக்திப் படம் வந்தது. யுத்த காலத்தில் புதுப்படம் வருவது அருமை. இதுவும் பழைய படம்தான், எங்கெங்கோ ஓடித் தேய்ந்து வந்தது. கப்பலில் வியாபாரத்துக்குப் போன கணவன் காணாமல் போகிறான். மனைவி, எங்கள் பக்கத்தில் அம்மாளாச்சி என்கிற அம்மனைக் கும்பிட்டு, படாத துன்பமெல்லாம் பட்டு, கடைசியில் அவனைத் திரும்பப் பெறுகிறாள். கதை இவ்வளவுதான். இதைக் கேட்டதும் ஊருக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மாமி ஊர்ப் பெண்களோடு போய்ப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் வீங்கி வந்தார். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உது படமில்லை. உன்ரை கதைதான். நீ போய்ப் பாக்கத்தான் வேணும்."

"என்ரை கதை எனக்குத் தெரியும்தானே மாமி. காசு குடுத்து ஏன் பாக்க வேணும்?"

"முடிவு தெரியாதுதானே" என்றார் மாமி.

அது உண்மைதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. நான் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பிறகு தினமும் அதே பேச்சு. கிணற்றடியில் கேட்டார்கள், பள்ளிக்கூட வாசலில் கேட்டார்கள். படம் கொட்டகையை விட்டுப் போய்விடப் போகிறது, பிறகு பார்க்க முடியாது, அவர் வராவிட்டால் பிறகு குறை சொல்லாதே என்கிற அளவுக்குப் போயிற்று. நான் படம் பார்க்காததால் ஒரு மனிதர் மலாயாவில் சாவார் என்று நேராக என் முகத்துக்கே சொன்னார்கள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "சரி, நாளைக்குப் போறன். ஆனால் தனியத்தான் போவன்" என்று மாமியிடம் சொன்னேன்.

மாமி திகைத்துப்போனார். "தனியவோ? பட்டணத்துக்கோ? படத்துக்கோ? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர்தானே போகச் சொன்னது."

"ஒராளைக் கூட்டிக்கொண்டு போ. நான் வாறன்."

"நீங்கள் வந்தால் படத்தைப் பாக்க மாட்டியள். என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பியள். நான் அழுகிறனோ இல்லையோ எண்டு பாத்து ஊருக்கு வந்து சொல்லுவியள்."

மாமி அதை மறுக்கவில்லை. அன்று பொழுதுபட்டும் யோசித்துக்கொண்டு திரிந்தார். பெண் தனியே பட்டணத்துக்குப் போவது ஒழுங்கில்லை. அம்மாளாச்சியைப் பார்க்காமல் விடுவதும் ஒழுங்கில்லை. விடியத் திருநீற்றை என் நெற்றியில் பூசி, "மத்தியானக் காட்சியோடை வந்திட வேணும். ஒருத்தரோடையும் கதையாதை" என்று அனுப்பினார். மகளை அவரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

பெற்றோல் தட்டுப்பாட்டால் பஸ் குறைவு. பருத்தித்துறையிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருவாறு இடம் பிடித்தேன். கொண்டக்டர், "ஆரோடை அக்கா வந்தனீங்கள்?" என்று கேட்டார். ஒருவரோடும் இல்லை என்றதும், மற்றப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டணத்தில் கொட்டகை வாசலில் ரிக்கற் கிழிக்கிறவரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மற்ற ஆக்கள் வரட்டும்" என்றார். வேறு ஆட்கள் இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

கொட்டகை தகரக் கூரை போட்டது. உள்ளே பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தட்டி. வாசலில் அம்மன் படம் வைத்து மாலை போட்டு, குத்துவிளக்கும் கொளுத்தியிருந்தார்கள். செருப்போடு வந்தவர்கள் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் கோயிலுக்கு வரவில்லை, படம் பார்க்க வந்திருக்கிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் என் செருப்பையும் கழற்றினேன். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் தென்மராட்சி மனிசி ஒருவர் இருந்தார். நல்ல பருமன், வாய் நிறைய வெற்றிலை, மடியில் ஒரு பொட்டலம் கற்பூரம். படத்தை அவர் எத்தனையோ தடவை பார்த்திருந்தார் என்பது தொடங்கியதுமே தெரிந்துவிட்டது.

"இப்ப பாருங்கோ பிள்ளை, கப்பல் போகும்" என்பார். கப்பல் போகும். "இப்ப புயல் அடிக்கும்" என்பார். அடிக்கும். "இப்ப மாமியார்க்காரி அடிப்பாள். பாவி." அவளும் அடிப்பாள். கதாநாயகி எதற்கெடுத்தாலும் பாடினாள். அடுப்பு மூட்டும்போது பாடினாள், அடி வாங்கும்போது பாடினாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. விடியற்காலையில் எழும்பி, கூப்பன் அரிசியில் கல் பொறுக்கி, பிள்ளைக்குப் பாலைக் காய்ச்சி, பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவள் எந்த நேரத்தில் பாடுவது என்று நினைத்தேன்.

சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். விசும்பல் இல்லை, செத்தவீட்டில் போல வாய்விட்டு. கொட்டகையில் ஒரே ஒரு மெசின்தான். ஒரு றீல் முடிந்தால் லைற் போட்டு, மற்ற றீலை மாட்டி, திரும்பவும் இருட்டாக்குவார்கள். லைற் வரும்போதெல்லாம் அந்த மனிசி திரும்பி என் கன்னத்தைப் பார்த்தார். அது காய்ந்திருப்பதைக் கண்டு அவருக்குக் கவலையாக இருந்தது. மாமியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தது என் மடைத்தனம்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. ஒரு றீல் முடியும்போது கதாநாயகி, கணவன் இறந்துவிட்டான் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு மயங்கி விழுகிறாள். லைற் போட்டு, அணைத்து, அடுத்த றீல் தொடங்கியது. தொடங்கிய உடனே கடற்கரையில் கணவன் நிற்கிறான். சால்வை தோளில், தலைமுடி சீவியபடி. மேளம் அடிக்கிறது. அடித்த மாமியாரே கதாநாயகியின் காலில் விழுகிறாள். மேகத்துக்குள் அம்மாளாச்சி தோன்றிக் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறாள்.

கொட்டகை முழுக்க எழும்பி நின்றது. ஆண்கள் பக்கத்தில் அரோகரா சத்தம். திரைக்கு முன்னால் ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தார்கள். பக்கத்து மனிசி என் மடிக்குக் கிட்டவே கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். புகையில் எனக்குக் கண் எரிந்தது. படம் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பினேன்.

அப்போது லைற் வந்து போய், இன்னொரு றீல் ஓடத் தொடங்கியது. அதில் கதாநாயகி கிழிந்த சேலையோடு கோயில் வாசலில் கிடந்து, என் கணவரைத் திருப்பித் தா தாயே என்று பாடுகிறாள்.

"உது முந்தியெல்லோ வாறது" என்றார் மனிசி. "பெடியன் மாத்திப் போட்டிட்டான் போலை." சொல்லிவிட்டு அமர்ந்து, முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அழத் தொடங்கினார். சுற்றிலும் எல்லோரும் அமர்ந்து அழத் தொடங்கினார்கள். சற்று முன் உடைத்த தேங்காயின் தண்ணீர் திரைக்கு முன்னால் இன்னும் காயவில்லை.

"அவர்தான் வந்திட்டாரே" என்று நான் கேட்டேன். "பேந்து ஏன் உவ அழுகிறா?"

"அழுதால்தானே பிள்ளை வருவார்."

"வந்திட்டாரே."

"ஓம். அழுதபடியால்தான் வந்தவர்."

நான் அந்த மனிசியின் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை, குழப்பமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டேன். திரையில் அவள் மண்சட்டியில் நெருப்பெடுத்து, கணவனைத் தராவிட்டால் கடலில் இறங்குவேன் என்று சபதம் செய்தாள். கடற்கரையில் தலைமுடி சீவிக்கொண்டு நின்ற அவன் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், அடக்க முடியவில்லை. கூரைத் தகரம் அதிரச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உடம்பு குலுங்கியது. வயிற்றில் முதல் நாள் விரதம். நிற்க முடியாமல் வாங்கைப் பிடித்துக்கொண்டேன்.

யாரோ பின்னாலிருந்து, "கலை வந்திட்டுது" என்றார்கள்.

சாமி ஏறுவதைத்தான் எங்கள் பக்கத்தில் கலை வருவது என்பார்கள். கோயிலில் அப்படி வந்து ஆடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். என்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் என் கொண்டையை ஒருத்தி அவிழ்த்துவிட்டாள். இன்னொருத்தி நெற்றியிலும் வாயிலும் திருநீற்றை அப்பினாள். பக்கத்து மனிசி என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தை, அம்மாளாச்சி, என்ரை மகளின்ரை கலியாணம் தட்டிப்போகுது. ஒரு வாக்குச் சொல்லு தாயே."

"விடுங்கோ" என்றேன். "எனக்கு ஒண்டும் வரேல்லை. நான் சிரிச்சனான். றீலை மாத்திப் போட்டிட்டாங்கள், அதுக்குச் சிரிச்சனான்."

"ஆத்தை கோவிக்கிறா" என்றாள் கொண்டையை அவிழ்த்தவள்.

மெசினை நிறுத்தி லைற் போட்டார்கள். கொட்டகை மனேச்சர் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஓடிவந்து என் முன்னால் நின்றார். இதனால் படம் இன்னும் நெடுநாள் ஓடும் என்கிற சந்தோசம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். தலைவிரி கோலமாக, முகமெல்லாம் திருநீறாக, பட்டணத்துத் தெருவில் வெயிலில் நின்றேன். செருப்பைக் காணவில்லை.

திரும்பி வருகிற பஸ் வழியில் நின்று நின்று வந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஆண்கள் பக்கத்தில் இருந்து படம் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சைக்கிளில் எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது வாசல் படலையில் ஒரு கூட்டம் நின்றது. மாமி ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்னர் அதை என் காலில் ஊற்றினார்.

"மாமி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் சிரிச்சனான். வேறை ஒண்டுமில்லை."

"நீ எங்கை பிள்ளை சிரிக்கிறனீ" என்றார் மாமி. "இத்தனை வரியத்திலை நீ சிரிச்சதை நான் காணேல்லை. சிரிச்சது அம்மாளாச்சிதான்."

நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமி வந்து என் கால்மாட்டில் இருந்தார். கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். மாமி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். இவ்வளவு நாளும் எனக்குக் கட்டளை போட்ட குரல் இல்லை அது.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். எனக்குச் சொல்லு. என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ?"

அன்றுவரை மாமி அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. வருவான், வருவான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. நான் அம்மாளாச்சி இல்லை, அன்று கொட்டகையில் நடந்தது ஒரு பெடியன் விட்ட பிழை, உங்களுக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்ல நான் எழும்பி இருந்தேன். மாமி குனிந்து முந்தானை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறார்" என்றேன்.

மாமி தலையை ஆட்டினார். எழும்பிக் குசினிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டார். சோற்றுப் பானையில் திரும்பத் திரும்ப அகப்பை படும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அப்படி ஆற அமர இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தொலைந்த மாடு, தீராத வயிற்றுக்குத்து, வழக்கு, பிள்ளையில்லாக் குறை. நான் படலையைக் கட்டி வைத்தேன், வேலியால் கூப்பிட்டார்கள். ஏசினேன்; ஏசினால் பலிக்கும் என்று சந்தோசத்தோடு போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் திடீரென்று அமைதியாகிவிட்டார்கள். எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

ஒருநாள் காங்கேசன்துறையிலிருந்து ஒரு தாய் வந்தார். மாமியின் வயது இருக்கும். அவருடைய மகன் மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிறாணி. அவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. வந்தவர் காலில் விழவில்லை, கற்பூரமும் கொண்டுவரவில்லை. தலைவாசலில் நின்றபடியே, "அவன் இருக்கிறானோ எண்டு கேக்க வந்தனான்" என்றார்.

மாமிக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் இவர் மாமியைப் போலக் குனிந்துகொள்ளவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப் பார்க்கிறவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாது அம்மா. எனக்குக் கலையும் வரேல்லை, ஒண்டும் வரேல்லை. என்ரை மனிசனைப் பற்றியே எனக்குத் தெரியாது."

அவர் "சரி" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் படலை தாண்டியதும் மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த மனிசிக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன?"

"எனக்கு எப்பிடி மாமி தெரியும்?"

"அப்ப எனக்கு எப்பிடிச் சொன்னனீ?"

நான் வாய் திறக்கப் போனேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைக் குறுக்கே நீட்டி, "வேண்டாம், சொல்லாதை" என்று திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு அவரில் இருந்த எரிச்சல் அன்று கொஞ்சம் மாறிற்று, ஆனால் குறையவில்லை. ஒன்றும் தெரியாமல் நம்புகிற மனிசி என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே, இது உடைந்தால் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்பதால் பொத்திப் பிடித்திருந்தார். அப்படியென்றால் என்னை ஏன் பட்டினி போட்டார் என்று கேட்கத்தான் தோன்றியது.

யுத்தம் முடிந்தது. சில மாதங்களில் தந்தி வந்தது. அதன் பிறகு அவரே வந்தார். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை; மாமிக்குத் தெரிந்தது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டிய மாதிரி இருந்தார். மகள் அவரைக் கண்டு என் பின்னால் ஒளித்தாள்.

அவர் வீட்டுக்குள் வந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு முடிக்கவில்லை, உரிமை கொண்டாட ஆட்கள் வந்துவிட்டார்கள். நூல் கட்டினவள் தன் நூல் என்றாள். சாத்திரக்காரர் தண்ணீருக்கு அப்பால் என்று தான் அன்றே சொன்னதை நினைவுபடுத்தினார். மயிலிட்டி மனிசி மீன் கடகத்தோடு வந்து, மெழுகுதிரிக்கு என் உயரத்தைச் சாணால் அளந்துகொண்டு போனார். என் பெயரில் யார் யாரோ வைத்த நேர்த்தியெல்லாம் வரிசையாக வந்தன. நான் அம்மன் கோயிலில் கற்பூரச்சட்டி எடுத்தேன்; உள்ளங்கை கொப்பளித்தது. நல்லூர் வீதியில் சுடுமணலில் விழுந்து விழுந்து எழும்பி அடியழித்தேன், முழங்கால் உரிந்தது. மயிலிட்டியில் மெழுகுதிரியும் கொளுத்தினேன். காணாமல் போய்த் திரும்பி வந்தவர் அவர். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி ஒருநாள் சோறு போட்டபடி அவரிடம் கேட்டார்.

"அங்கை கஷ்டப்படேக்கை ஆரை நினைச்சுக் கும்பிட்டனீ?"

அவர் யோசித்தார். "ஒருத்தரையும் கும்பிடேல்லை அம்மா. பசிச்சது. சாப்பாட்டைத்தான் நினைச்சனான்."

"என்னையும் நினைக்கேல்லையோ?"

"உங்கடை சாப்பாட்டை நினைச்சனான்."

மாமிக்கு அது போதுமாக இருந்தது. "பாத்தியோ" என்று என்னிடம் திரும்பினார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காங்கேசன்துறைத் தாயின் மகன் வரவில்லை. யப்பான்காரன் சயாமில் றெயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோயிருந்தார்கள். கூடப் போய்த் தப்பி வந்த ஒருவர் வீட்டுக்கு வந்து சாவுச் செய்தி சொன்னாராம். எங்கள் ஊரில் இதைக் கேட்டதும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அண்டைக்கே அம்மாளாச்சி வாய் திறக்கேல்லை. அவவுக்குத் தெரியும்." நான் தெரியாது என்று சொன்னதையும் வாக்காக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கிணற்றடியில் நின்ற பெண்களை வாயில் வந்தபடி ஏசினேன். அவர்கள் அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்தத் தாயும் அப்படித்தான் நினைத்திருப்பாரோ என்பது என்னை உறங்கவிடாமல் செய்தது. ஒரு சனிக்கிழமை றெயில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனேன். அன்றும் தனியாகத்தான். கடலுக்குக் கிட்ட, பனை ஓலை வேலி அடைத்த வீடு. அவர் முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார்.

நான் ஆயத்தப்படுத்தி வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மா, நான் அண்டைக்குத் தெரியாது எண்டு சொன்னது, உண்மையாய்த் தெரியாமல்தான் சொன்னனான். சனம் வேறை மாதிரிக் கதைக்குது. நீங்கள் அப்பிடி நினைக்கக் கூடாது."

"நான் அப்பிடி நினைக்கேல்லை" என்றார் அவர். "தெரியாது எண்டியள். உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதானே."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"வாறான், வாறான் எண்டு கனபேர் சொன்னவை" என்றார், குழையைக் கட்டிக்கொண்டே. "செய்தி வந்த பேந்து அவையள் இந்தப் பக்கம் வரேல்லை. என்ன முகத்தோடை வாறது."

வெறுந்தேத்தண்ணீரும் கடிக்கப் பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தார். நான் குடித்தேன். கேட்கலாமா என்று தெரியாமல், "இப்பவும் கோயிலுக்குப் போறனீங்களோ அம்மா?" என்று கேட்டேன்.

"போகாமல்?" என்றார். "ஒவ்வொரு வெள்ளியும் போறன். கும்பிடுறேல்லை. அம்மாளாச்சிக்கு முன்னாலை போய் நிப்பன். அவவோடை எனக்கொரு கதை கிடக்கு. அது முடியேல்லை."

அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது பழக்கமான கோபம். இத்தனை நாளும் என்னுடைய எரிச்சலை நம்பிக்கை இல்லாத குறை என்றே நினைத்திருந்தேன். இல்லாத ஒருவரோடு இவ்வளவு கோபிக்க முடியுமா என்று அந்த முற்றத்தில் இருந்து யோசித்தேன். முடியும் என்றும் தோன்றியது, முடியாது என்றும் தோன்றியது. இரண்டையும் அந்தத் தாயிடம் சொன்னேன். அவர், "ஓம், அப்பிடித்தான்" என்றார். பிறகு ஆடு சினைப்பட்டிருப்பதைப் பற்றியும், கடற்காற்றுக்கு முருங்கை நிற்காமல் முறிவதைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தோம். றெயிலுக்கு நேரமானபோது அவர் படலை வரை வந்து, பார்த்துப் போகும்படி சொன்னார்.